நான் சொல்லக் கூடாது

“இருதயத்தை எடுத்துக் கொடுத்துட்டா, உயிர்த்தெழும் நாள்ல எம் பையன் இருதயம் இல்லாமலா எழுந்து வருவான்? சொல்லுங்க பாஸ்டர்!”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் அந்தத் தையல்காரம்மா. நேற்று பைக்கிலிருந்து விழுந்த ஒரே மகனுக்கு மூளைச்சாவு. உறுப்பு தானத்துக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு டாக்டர் எதிரே காத்திருந்தார்.

மருத்துவமனையின் போதகர் தரையைப் பார்த்தார்.

“நான் சொல்லக் கூடாதும்மா.”

“வேதத்துல தப்புன்னு போட்டிருக்கா?”

“அப்படிச் சொல்லல.”

“அப்போ சரின்னு சொல்லுங்க.”

“அதையும் நான் சொல்லக் கூடாது.”

தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காத சந்தேகத்துக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவர்கள், கேட்டால் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வார்களா?

“என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? பிள்ளையைப் பறிகொடுத்துட்டுக் கேக்கறேன், பதில் இல்லையா?” என்று வெடித்தவர், டாக்டரிடம் திரும்பினார். “வேண்டாம் சார். பாஸ்டரே வாய் திறக்கலைன்னா தப்பாத்தான் இருக்கும். எம் பிள்ளையை முழுசாக் கொடுத்துடுங்க.”

போதகரின் முகம் வெளிறிப்போனது.

“என்னை வச்சு முடிவு பண்ணாதீங்கம்மா. மூத்த பாஸ்டரைக் கூப்பிடறேன். அவர் சொல்றதைக் கேட்டுட்டு, உங்க மனசுக்குப் பட்டதைச் செய்யுங்க.” போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அங்கே நிற்காமல் போய்விட்டார்.

மூத்த போதகர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். அவரிடமும் அதே கேள்விதான்.

“துணி குறைஞ்சா சட்டை குறையுமே ஐயா?”

“நாம துணியை வச்சுத் தைக்கிறோம். கர்த்தர் துணியே இல்லாம மனுஷனைத் தைச்சவர்மா. ஒரு இருதயம் அவருக்குப் பெரிய காரியமா? கொடுக்கலைன்னாலும் பாவமில்ல. உங்க இஷ்டம். பையன் எப்படிப்பட்டவன்?”

“பஸ்ல யாராவது நின்னுக்கிட்டு வந்தா, இவனால உட்கார்ந்திருக்க முடியாது ஐயா.”

சொல்லும்போதே உடைந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

“எடுத்துக்கோங்க சார்.”

டாக்டர் உள்ளே விரைந்தார்.

“இவ்வளவுதானே ஐயா! இதைச் சொல்ல அந்த பாஸ்டருக்கு என்ன கஷ்டம்?”

மூத்த போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவர் சொன்னா தனக்காகக் கேட்டதா ஆயிடும்மா. அவரோட ஒரே பொண்ணு மேல் மாடியில, யாராவது இருதயம் கொடுப்பாங்களான்னு காத்துக்கிட்டிருக்கா.”