கதவில் தொங்கிய குடை

இரண்டு மலைகளுக்கு நடுவிலிருந்த அந்தச் சிற்றூரில் டிவி சொன்னபடி மழை பெய்ததே இல்லை. தணிகாசலம் மலையைப் பார்த்துவிட்டு வாசல் கதவில் குடையை மாட்டினால்தான் மாடியில் காயும் வடகத்தைத் தெருவே எடுக்கும். அவர் இறந்தபின் குடை பரணுக்குப் போயிற்று, வடகமும் நனைந்தது. ஒரு காலை, மலை மங்கித் தெரியவே, அவர் மனைவி செண்பகவல்லி தயங்கித் தயங்கிக் குடையை மாட்டினாள். தெரு அவசரமாக வடகத்தை அள்ளியது. மாலைவரை வெயில் கொளுத்தியது. வெட்கத்தோடு அவள் குடையைக் கழற்றப் போனபோது எதிர்வீட்டு ரெஜினா கத்தினாள்: “இருக்கட்டும்க்கா! அண்ணன் மட்டும் என்னவாம், பாதி நாள் எங்கள இப்படித்தான ஏமாத்துனாரு?” செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் கதவைத் திறக்கும்போதே ரெஜினா வடக மாவோடு நின்றிருந்தாள். “இன்னைக்குப் புழியலாமாக்கா?” செண்பகவல்லி, அவரைப் போலவே ஒரு கண்ணைச் சுருக்கி, மலையைப் பார்த்தாள்.