மஞ்சள் கோடு

சாத்தியிருந்த கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் பூங்கொடி மூச்சை அடக்கிக்கொண்டாள். சமையல் மேடையை மறைத்துக் கட்டிய பழைய சேலைத் திரைக்குப் பின்னால், காஸ் சிலிண்டரை ஒட்டிக் குத்துக்காலிட்டிருந்தாள். கம்பெனி பஸ் இந்நேரம் மூக்கண்டப்பள்ளியைத் தாண்டியிருக்கும். இன்று அவள் அதில் ஏறவில்லை.

உள்ளே வந்தது பக்கத்து வீட்டு நாராயணம்மா. கையில் சின்னத் தூக்குச்சட்டி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பாயில் கிடந்த குழந்தையிடம் போனாள்.

ஒன்றரை வயது ஹரிணி. இரண்டு மாதம் முன்புவரை 'ம்மா' என்பாள், காக்காவைக் கண்டால் கை நீட்டிக் கத்துவாள். இப்போது, ஷிப்ட் முடிந்து இரண்டரைக்குப் பூங்கொடி வரும்போது துணிமூட்டை மாதிரி கிடக்கிறாள். எழுப்பி உட்கார வைத்தால் தலை தொங்குகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் தேறுகிறாள்.

"தூங்க வைக்க ஏதாச்சும் குடுக்கறீங்களாம்மா?" ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா கேட்ட கேள்வி இது. இந்த வயதில் மூளை வளர்வது முகம் பார்த்து, பேச்சுக் கேட்டு, விளையாடித்தானாம். மருந்தில் மயங்கிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம், மூச்சுக்கே ஆபத்து என்றார்.

அலமாரியில் எப்போதோ வாங்கிய சளி மருந்து பாட்டில் இருந்தது. பூங்கொடிக்குக் கம்பெனியில் போல்ட் சரிபார்க்கும் வேலை. பார்த்து முடித்த ஒவ்வொன்றிலும் பெயின்ட் மார்க்கரால் மஞ்சள் கோடு இழுக்க வேண்டும். நேற்று விடியற்காலை கிளம்பும்போது, மருந்து நின்ற மட்டத்தில் பாட்டில்மேல் அதே மாதிரி ஒரு கோடு இழுத்தாள்.

திரும்பி வந்து பார்த்தால், மருந்து கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே.

அவள் கிளம்புவது ஐந்தரைக்கு. நைட் ஷிப்ட் முடிந்து புருஷன் வெள்ளைச்சாமி வருவது ஏழு மணிக்கு. இடையில் ஒன்றரை மணி நேரம் குழந்தை நாராயணம்மா கையில்.

வெள்ளைச்சாமியிடம் போன வாரமே ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் காதிலேயே வாங்கவில்லை. "பல்லு முளைக்குது, அசந்து தூங்குது. அந்தம்மாவப் போயி சந்தேகப்படாத. அவுகளும் கைய விரிச்சிட்டா பிள்ளைய யாரு பாத்துக்குவா?"

அவன் மனசு அப்படி. போன மாதம் நாராயணம்மா கல்லாவியில் மகள் வீட்டுக்குப் போன மூன்று நாளும், இவள் எட்டு மணி ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு கிளம்ப, தூக்கக் கண்ணோடு அவனே ஒற்றை ஆளாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டான். சிணுங்கக்கூட இல்லை, தங்கம் மாதிரி தூங்கினாள் என்று பெருமை வேறு.

இப்போது நாராயணம்மா குழந்தையை மடியில் போட்டாள். முதுகு மறைத்தது. தூக்குச்சட்டி மூடி திறக்கும் சத்தம், ஸ்பூன் உரசும் சத்தம். பூங்கொடி செல்போன் கேமராவைத் திரை இடுக்கில் வைத்தாள். பாய்ந்து பிடுங்கிவிடலாமா? கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் யார் நம்புவார்கள்? அதற்குள் ஒரு ஸ்பூன் இறங்கிவிட்டால்?

"ரா பங்காரு, வா தங்கம், இன்னும் ஒரு வாய். அங்க பாரு, சன்சேடுல காக்கா. உன்ன மாமியார் வீட்டுக்குக் கூப்புடுது, போறியா?"

கேழ்வரகுக் கூழ் வாசனை வந்தது.

கூடவே இன்னொரு சத்தம். ஹரிணி சிரிக்கிறாள். ஜன்னலைப் பார்த்து "கா... கா..." என்கிறாள்.

பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு மாதமாகக் கேட்காத குரல். நாராயணம்மா குழந்தையின் விரலைப் பிடித்து மூக்கைத் தொடச் சொன்னாள், காதைத் தொடச் சொன்னாள், பொய்க்கோபம் காட்டினாள். தெலுங்கில் ஏதோ பாட்டும் நடந்தது. அலமாரிப் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

கால் மரத்துப் போனது. அதைவிட மனசு குத்தியது. பெற்றவள் மாதிரி பார்க்கிற மனுஷியை இத்தனை நாள் என்னவெல்லாம் நினைத்தோம்.

ஏழு மணிக்கு வாசலில் பைக் நின்றது. கூழ் முழுக்கக் குடித்துவிட்டாள், காக்காவைக் கூப்பிடுகிறாள் என்று நாராயணம்மா சந்தோஷமாக ஒப்பித்துவிட்டுத் தூக்குச்சட்டியோடு கிளம்பினாள். வெள்ளைச்சாமி கதவைச் சாத்தினான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பாயில் சரிந்தான். ஹரிணி அவன் மேல் ஏறி, மீசையைப் பிடித்து இழுத்து, "கா!" என்றாள்.

பூங்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எழுந்துபோய் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத் திரையில் கை வைத்தாள்.

அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. 'கிளிக்' என்று ஒரு மூடி திருகும் சத்தம்.

திரை இடுக்கில் மஞ்சள் கோடு தெரிந்தது. பாட்டில் மெல்லச் சாய்ந்தது.

"ஒரே ஒரு மூடிதான் தாயி, குடிச்சிரு... அப்பாவும் தூங்கணும்ல?"