முந்நூறு கோப்புகளின் பொறுப்பாளர்

மென்பொருளைக் கட்டும் முந்நூறு பில்டு கோப்புகளிலும், ‘பொறுப்பாளர்’ என்ற வரியில் புரோகிராமர் பெண்ணின் பெயரே இருந்தது மேனேஜரின் கண்ணை உறுத்தியது. மறுநாள் டைரக்டர் பார்வையிட வருகிறார். நோகாமல் நுங்கு தின்பதில் மேனேஜர் கைதேர்ந்தவர்.

“எல்லாத்துலயும் உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்கம்மா.”

“சார், அந்த வரி எதுக்குன்னா...”

“எனக்கே பாடம் எடுக்காதீங்க. தானா மாத்துற ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதி ஓட்டினா நாலு நிமிஷ வேலை!”

அதேபோல, அவள் ஓட்டிய ஸ்கிரிப்ட் அத்தனை கோப்புகளையும் வெளியே எடுத்து, பெயரை மாற்றி, திரும்ப ஏற்றியது. மறுநாள், முந்நூறிலும் மேனேஜரின் பெயரைக் கண்ட டைரக்டர் அசந்துபோய்க் கைகுலுக்கினார். மேனேஜருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாதி சவரம் செய்த முகத்தோடு அவளுக்கு போன் செய்தார்.

“என்னம்மா இது? விடிஞ்சதுலேர்ந்து நாப்பது கால்! ஏதோ மெஷின் குரல், ‘பில்டு உடைஞ்சிருச்சு, சரி பண்ணுங்க’ன்னு உயிரை எடுக்குது!”

“அந்த வரியே அதுக்குத்தான் சார். எது உடைஞ்சாலும் பொறுப்பாளரைத்தான் கூப்பிடும். மூணு வருஷமா என்னைக் கூப்பிட்டுச்சு.”

“உடனே பழையபடி உங்க பேரைப் போடுங்க!”

“இனிமே அதை உங்களாலதான் சார் மாத்த முடியும். பொறுப்பாளருக்கு மட்டும்தான் அந்த அனுமதி. ஸ்கிரிப்டை உங்களுக்கு அனுப்பிட்டேன்” என்றவள், நிதானமாகக் கொட்டாவி விட்டாள். “நாலு நிமிஷ வேலைதானே சார்!”