கோல் கம்பம்

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து எஸ்டேட்டோடு கால்பந்துப் பந்தயம். பையன்களுக்குக் கோல் பழகட்டும் என்று கம்பங்களை மறுபடியும் தள்ளி நட்டார் கங்காணி பிச்சைமணி. இப்போது மாட்டுவண்டியே உள்ளே போகும். ஆனாலும் பந்தைக் கோல் வரை உருட்டி வந்த பையன்கள் சட்டென்று நின்றுவிட்டார்கள்.

"கங்காணி, இன்னும் அகலம் பண்ணு!" என்று கத்தினார் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை.

எரிச்சலில் பிச்சைமணி முன்னால் நின்ற சுடலையின் காதைத் திருகினார். "ஏலே, கோல் அடிக்கதுக்கு என்னலே கேடு?"

"துரையில்லா கோல்ல நிக்காக! அவுக மூஞ்சிக்கு நேரா எப்பிடிக் காலைத் தூக்க?"

அதைக் கேட்ட துரை சிரித்துக்கொண்டே விலகி, கங்காணியைக் கோலில் நிறுத்தினார்.

பையன்கள் ஓங்கி ஓங்கி உதைத்தார்கள். அப்போதும் கோல் மட்டும் விழவில்லை. அத்தனை பந்தும் பிச்சைமணியின் தொந்தியைத்தான் குறிபார்த்து வந்தது.