பொறிக்குப் பின்னால் இருந்த புகை

“கூட இருக்கிறவன் மின்னும்போது...” என்று வீடியோ கேமில் இருந்த பழைய எரிமலை ஏதோ சொல்லும், மிச்சம் புகைக்கு நினைவில்லை.

அதே கேமில் வரும் டிராகனின் வாய்நெருப்பைக் கணினியில் வடிவமைத்துக்கொண்டிருந்தாள் மதிவதனி. புகையைக் காட்ட நாற்பது குட்டித் துகள், பொறிக்கும் நாற்பது. ஓடவிட்டுப் பார்த்தவர்கள் எல்லாம், “அடடா, பொறியைப் பாரேன்!” என்றார்கள். புகைக்கு வயிறு எரிந்தது.

அவள் டீ குடிக்கப் போனதும் புகை மவுஸ் அம்பைக் கூப்பிட்டது.

“மாப்ளே, என் துகளை நாலாயிரமாக்கிவிடு.”

“உனக்கேன்யா இந்த வேலை?” என்றாலும் அம்பு கூட்டிவிட்டது.

திரும்பி வந்து ஓடவிட்டாள். அத்தனை துகளைத் தாங்காமல் கேம் திக்கித் திக்கி நின்றது. அப்போதும் அவள் கண் புகைமேல் போகவில்லை.

“இந்தப் பொறிதான் பாரம், தூக்கிடுறேன்,” என்றாள்.

பொறி புகையின் பக்கம் திரும்பியது. “அண்ணே, நெசமாவே என்னாலதான் நிக்குதா?”

ஆமாம் என்று சொல்வதென்று புகை முடிவு செய்தது.