முதல் கவளம்

செபமாலை தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கிழவரின் பாதங்கள் ஊறிப்போயிருந்தன.

மார்ச் மாத மத்தியான வெயில். வாசல் மணலில் கால் வைக்க முடியவில்லை. அந்த மணலில் வெறுங்காலோடு நடந்து வந்தவரின் பாதம் எப்படி இப்படிச் சில்லிட்டுச் சுருங்கிக் கிடக்கும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

கழுவி, முந்தானையால் துடைத்தாள்.

சூசையப்பர் திருநாளுக்குச் சாப்பாடு போடுவதாக அவள் நேர்ந்திருந்தாள். இல்லாதப்பட்டவர்களில் ஒரு பெரியவர், ஒரு பெண், ஒரு குழந்தை. மூவரையும் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு என்றே நினைத்துக் கால் கழுவி, வயிறாரச் சாப்பிட வைக்க வேண்டும். பெரியவர் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது, சோறு போடுகிறவள் மனதுக்குள் ஒன்று கேட்கலாம். ஒன்றே ஒன்றுதான். கேட்டது கிடைக்கும் என்று அந்தக் கடற்கரையில் நம்புவார்கள்.

செபமாலைக்குக் கேட்க இருந்ததும் ஒன்றுதான்.

அவள் புருஷன் அடைக்கலம் போன வாரம் தனியாகப் படகெடுத்துப் போனவன், கரை திரும்பவில்லை. ஒரு குடம் தண்ணீரும் ஒரு வேளைச் சோறும்தான் கொண்டுபோயிருந்தான். ஜெகதாப்பட்டினத்துப் படகுகளும் தேடிப் பார்த்துவிட்டு வெறுமனே வந்துவிட்டன.

‘அவரை உயிரோட கொண்டாந்து சேரும், சாமி.’ பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூவரையும் கூட்டி வந்தவர் கோயில் உபதேசியார். மாதாவாக உட்கார்ந்த இருளாயி பக்கத்து ஊரில் உப்பளக் கூலி. பேத்தியைக் கூட்டி வந்திருந்தாள். குழந்தை இயேசுவுக்குப் பெண் பிள்ளை ஆகுமா என்று யாரோ இழுத்தார்கள். பசிக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது என்று உபதேசியார் வாயை அடைத்துவிட்டார்.

சூசையப்பராக உட்கார்ந்தவர் ரெங்கராஜ். இலுப்பூர்ப் பக்கம். பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்த மனிதர். நெற்றி நிறையத் திருநீறு. கடலையே இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று வரும்போதே சொல்லிச் சிரித்தார்.

உபதேசியார் மன்றாட்டு சொன்னார். சாகிறவர்களுக்கும் சூசையப்பரே பாதுகாவலர் என்று வரும் இடத்தில் செபமாலை மட்டும் வாயைத் திறக்கவில்லை.

தவக்காலம் என்பதால் மீன் இல்லை. சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் குழம்பு, பாயசம்.

கிழவர் சோற்றைப் பிசைந்தார். இடது கையால் இலையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

செபமாலை அந்தக் கையையே பார்த்தாள்.

அடைக்கலம் அப்படித்தான் சாப்பிடுவான். படகில் தட்டு சரியாமல் பிடித்துப் பழகிய கை, வீட்டிலும் விடாது. “தட்ட விடுங்க, வீடு ஒண்ணும் கவுந்துராது” என்று அவள் கேலி செய்யாத நாள் இல்லை. பசி மட்டும் அவனுக்கு ஆகவே ஆகாது. சோறு கொஞ்சம் தாமதமானால் வீட்டை ரெண்டாக்கிவிடுவான்.

கிழவர் உட்கார்ந்தபடியே இடமும் வலமுமாக மெல்ல ஆடினார். காற்றுகூட இல்லாத நேரம்.

முதல் கவளம் வாய்க்குப் போனது. அந்த வாய் திறந்த விதத்தைப் பார்த்ததும், சொல்லிச் சொல்லி வைத்திருந்தது அவளுக்கு மறந்துபோனது.

‘எங்கிட்டு இருந்தாலும் அவரு பசியோட இருக்கக் கூடாது, சாமி.’

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. கையில் கரண்டியோடு நின்றாள். கவளம் இறங்கிவிட்டிருந்தது.

கிழவர் வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். அப்படி ஒரு பசியை அங்கே யாரும் பார்த்ததில்லை. முருங்கைக்காயைச் சக்கைகூடத் துப்பாமல் மென்று விழுங்கினார். கடைசியில் இலையை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“போதும் செவமால. இனிப் பசிக்காது.”

அவள் பெயரை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எழுந்து கை கழுவினார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, புது இடத்துக்கு வந்தவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். “சோறு எப்பத்தா போடுவீங்க? காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல.”

வயசாகிவிட்டது என்று உபதேசியார் சிரித்தார். இருளாயி சிரிக்கவில்லை. பேத்தியை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

செபமாலை அவர் பாதங்களைப் பார்த்தாள். காய்ந்து, புழுதி படிந்து, வெடிப்பு விட்டிருந்தன.

வேறு இலை போட்டாள். இந்த முறை அவர் இலையைப் பிடிக்கவில்லை, ஆடவில்லை. முருங்கைக்காய்ச் சக்கையை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

மறுநாள் காலை படகு கிடைத்தது. அடைக்கலம் அதிலேயே கிடந்தான். வெயிலில் தோல் உரிந்திருந்தது. முகம் மட்டும் தூங்குகிறவன் முகமாக இருந்தது என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

பிணப் பரிசோதனை முடித்த டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். எப்படிக் கேட்பதென்று அவருக்கே தெரியவில்லை.

“உயிர் போயி ஒரு நாள்கூட ஆகலம்மா. நேத்து மத்தியானத்துக்கு மேலதான். ஆனா வயித்துல சோறு இருக்கு, முருங்கைக்காய்ச் சக்கை இருக்கு. நடுக்கடல்ல அவருக்கு யாரு சாப்பாடு போட்டது?”

நேற்று மத்தியானம் வரை உயிரோடு இருந்திருக்கிறான். அவள் கேட்கும்போது இருந்திருக்கிறான்.

கேட்டதைக் கொடுத்த சாமியின் மேல் அவளுக்கு நன்றியும் வந்தது, அடக்க முடியாத ஆத்திரமும் வந்தது.

“நாந்தாங்கய்யா போட்டேன்” என்றாள்.