மூன்றாம் ஓலை

பங்குச் சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்யாண ஓலை வாசிக்க எழுந்ததும் லிண்டோ பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான்.

மூன்றாவது ஓலை. சர்ச்சில் மூன்று ஞாயிறு இப்படி அறிவித்த பிறகுதான் கல்யாணம்; இதுதான் கடைசி. யேசுவடியானின் மகள் ஜீனாவுக்கும் குன்னத்துகால் பையன் ஒருவனுக்கும் வருகிற வியாழக்கிழமை கல்யாணம்.

ஜீனா லிண்டோவின் ஒரே தங்கை. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடி கிடையாது, குவைத்தில் வேலை. அவளுக்குத்தான் கல்யாணம் வேண்டாம். எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும், அதுவும் கணக்கு. அப்பாவிடம் மல்லுக்கட்டி ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். டிகிரியின் கடைசிப் பரீட்சையில் எல்லாப் பேப்பரும் ஜெயித்தால் மேலே படிக்கலாம். ஒன்று போனாலும் மறுபேச்சில்லாமல் கழுத்தை நீட்ட வேண்டும்.

ஒன்று போனது. புள்ளியியலில் பதினெட்டு.

அன்று அவள் அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை. நல்லா எழுதினேனே, நல்லா எழுதினேனே என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லப் போன லிண்டோ, அவள் போனில் அந்தப் பதினெட்டைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அது அவன் போட்ட பதினெட்டு.

லிண்டோவுக்கு அவள் பரீட்சை எழுதிய பல்கலைக்கழகத்திலேயே வேலை. டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், அதிலும் பயிற்சியில் இருக்கிறவன். பாறசாலையில் ரயிலேறி தினமும் போய்வருகிறான். அது என்ன வேலையென்று ஊரில் கேட்டால், பிள்ளைகளின் மார்க்கெல்லாம் கிடக்கிற இடத்துக்கு நான் காவலாக்கும் என்பான். அப்படியானால் நம்ம பயலுக்கும் இரண்டு மார்க்கு கூட்டிப் போடுலே என்று சித்தப்பாமார் சிரிப்பார்கள்.

பழகுகிறவர்களுக்கென்று மார்க்குகளின் நகல் ஒன்று தனியாக உண்டு. அதில் எதை மாற்றினாலும் யாருக்கும் சேதமில்லை. நிஜமும் நகலும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும், மேலே உள்ள சின்னப் பெயர்தான் வித்தியாசம். புதிதாக வருகிறவர்கள் ஏதாவது ஒரு மாணவரின் பதிவெண்ணை அடித்துப் பழகுவார்கள். லிண்டோவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று. ஜீனாவின் பரீட்சை விண்ணப்பங்களையெல்லாம் நிரப்பிக் கொடுத்தவன் அவன்தானே.

ஐம்பத்தெட்டைப் பதினெட்டாக்கினால் பக்கத்தில் தானாகவே ‘தோல்வி’ என்று விழுகிறதா என்று பார்த்தான். விழுந்தது. பரவாயில்லையே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு சாயா குடிக்கப் போனான்.

திறந்து கிடந்தது நகல் இல்லை. மறுநாள் ரிசல்ட் வெளியானது.

வெளியான பிறகு அதை யாரும் தொட முடியாது. திருத்த வேண்டுமானால் மேலதிகாரி பிரசீதா மேடத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் மாற்றியது, எப்போது, எதற்கு. சொந்தத் தங்கையின் மார்க்கில் கை வைத்துவிட்டு, கை தவறிவிட்டது என்றால் எவன் நம்புவான்? வேலை போகும். கேஸும் வரும். அப்பா முழங்கால் போய்க் கடலுக்குப் போகாமலாகி இரண்டு வருஷம். வீட்டில் அடுப்பெரிவது இவனால்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். மறுமதிப்பீட்டுக்குப் போடட்டுமா என்று ஜீனா கேட்டபோது, அதெல்லாம் வெறும் அலைச்சல் என்று அவனே தடுத்தான். அதற்குள் முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாவதும் ஆயிற்று. பாவி, சொல்லத்தான் நினைத்தான்.

இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்துவிட்டுச் சாமியார் கொஞ்சம் நிறுத்தினார்.

இது அந்த மாதிரித் தடை இல்லைதான். ஆனாலும் எழுந்து, முன்னால் இருக்கிற அப்பாவின் தோளைத் தொட்டு, இவள் ஜெயித்தவள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணம் நின்றுவிடும். அப்பா ஒரு வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான்.

லிண்டோ முன்பெஞ்சை இறுகப் பிடித்தான். ஜீனா ஒருமுறை திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். அவன் குனிந்து ஜெபப் புத்தகத்தைப் புரட்டினான்.

சாமியார் ஓலையை மடித்து வைத்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

பூசை முடிந்ததும் பெண்கள் ஜீனாவைச் சூழ்ந்துகொண்டு கேலி பண்ணினார்கள். எல்லாவற்றுக்கும் சிரித்துக் கொடுத்துவிட்டு, அவள் பைக்கருகே நின்ற அண்ணனிடம் வந்தாள். பைபிளுக்குள்ளிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினாள்.

புள்ளியியல் விடைத்தாளின் நகல். யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்து வாங்கியிருக்கிறாள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்ட ஐம்பத்தெட்டு. தபாலில் வந்த தேதி, முதல் ஓலைக்கு இரண்டு நாள் முந்தியது. கணக்குப் படித்தவள் அல்லவா, மார்க்கு உள்ளே எப்படி மாறியிருக்கும், அண்ணன் ஏன் தடுத்தான் என்றெல்லாம் கூட்டிப் பார்க்கத் தெரியாதா அவளுக்கு?

“நான் செல்லியிருந்தா உனக்க வேலை போயிருக்கும், அண்ணா. நீயே செல்லுவியாண்ணு மூணு ஓலைக்கும் பாத்தேன்.”

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

வியாழனுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. நாளைக் காலையில் எழுதிக் கொடுத்தாலும் போதும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லிண்டோ காகிதங்களை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“இத வேற ஆருக்காவது காட்டினியா?” என்று கேட்டான்.